ஆயுத பூஜையன்று ஓவனுக்கு எண்ணெய் போட்டவர்

ஓவன் துடைப்பதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் போன ஆயுத பூஜையன்று ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் புகைக்குள் என்னையும் என் வீட்டுக்காரரையும் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது, கூடவே சிரிப்பும் வருகிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாததால் காலையிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நான் வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறவள். பிறந்தநாள், சடங்கு, கல்யாண நாள், கடைத் திறப்பு, எது வந்தாலும் எங்கள் தெருவில் என்னைத்தான் கேட்பார்கள். என்னுடையது மேஜை மேல் வைக்கிற கரண்ட் ஓவன். முன்னால் கண்ணாடிக் கதவு. உள்ளே மேலே இரண்டு, கீழே இரண்டு என்று சூடேறுகிற கம்பிகள். வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருடமும் என் வீட்டுக்காரர் பட்டாளத்தில், எங்கேயோ பனிமலையில் இருந்தார். ஓய்வு பெற்று அவர் வீட்டுக்கு வந்து அன்றைக்கு இரண்டு மாதம்.

அந்த இரண்டு மாதத்தில் மனிதர் என் அடுப்படியை ஒரு வழி பண்ணிவிட்டார். மசாலா டப்பாக்கள் உயரப்படி வரிசையாக நின்றன. கரண்டிகள் ஒரே திசையில் தொங்கின. கடுகு எங்கே என்று என் வீட்டில் நானே அவரிடம் கேட்க வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன். இத்தனை வருடம் லீவுக்கு வந்து போகிற மனிதராகத்தான் அவரைப் பார்த்திருக்கிறேன். காலையில் எழுந்து பார்த்தால் எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதராகப் பழகவில்லை. ஓவனில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள், லீவு நாள் என்பதால், காலை பத்து மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். பெண், என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளியின் மகள். கூட்டாளி முஸ்லிம். மடவார் வளாகம் பக்கம் வீடு, அவள் வீட்டுக்காரர் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். அந்தப் பெண் என்னைச் சாச்சி என்றுதான் கூப்பிடுவாள், அவர்கள் வீட்டில் சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், அங்கேயே நின்று அழுகிற ஆள் நான் இல்லை. ஓவன் வாங்கிய முதல் வாரம் நான் சுட்ட கேக்கில் கத்தி இறங்கவில்லை. தெருவே சிரித்தது. அதைத் துணுக்கு விடாமல் தின்று தீர்த்தவள் இந்தப் பெண் ஒருத்திதான்.

தின்றுவிட்டுச் சொன்னாள்: "சாச்சி, என் நிச்சயத்துக்கும் நீங்கதான் கேக். கடைக்கேக் வந்துச்சுன்னா நான் மோதிரத்துக்கு விரல நீட்ட மாட்டேன்."

அதனால் அது எனக்கு ஆர்டர் கேக் இல்லை. நடுவில் பால்கோவா வைத்த இரண்டடுக்குக் கேக். அவளே கேட்டது. அதை மட்டும் சரியாகச் செய்துவிட்டால் போதும், அப்புறம் ஒரு வருடத்துக்கு ஒரு ஆர்டரும் வராவிட்டாலும் பரவாயில்லை என்று இருந்தேன். பத்து நாளாக எனக்குத் தூக்கத்தில்கூட மாவு கலக்குகிற கனவுதான்.

ஆயுத பூஜையன்று காலையில் பொரி, கடலை, வாழைக்கன்று, பூ எல்லாம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். மத்தியானத்துக்குள் கேக் இரண்டையும் சுட்டு ஆறவைத்துவிட்டு, சாயங்காலம் பூஜை போடலாம் என்று கணக்கு. பூஜை போட்ட சாமானை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது இல்லையா? பத்து மணிக்குத் திரும்பி வந்து அடுப்படிக்குள் காலை வைத்தால், என் ஓவன் பளபளவென்று நிற்கிறது! நெற்றியில் மூன்று சந்தனப் பொட்டு, குங்குமம், தலையில் ஒரு முழம் பூ. பக்கத்தில் இவர், பனியனோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"கை வைக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?" என்றேன். ஆனால் குரலில் சூடே இல்லை. கண்ணாடியில் இரண்டு வருடமாக ஒட்டியிருந்த பழுப்புக் கறை ஒன்றையும் காணோம். என் முகம் தெரிந்தது.

"கண்ணாடிக்கு என்ன போட்டீங்க?"

"திருநீறு. ஈரத்துணியில தொட்டுத் தேய்ச்சேன். கீறல் விழுகாது." பெருமை தாங்கவில்லை மனிதருக்கு. "பட்டாளத்துல அடுப்புச் சாம்பலத்தான் போடுவோம். இங்க சாம்பலுக்கு எங்க போக?"

எனக்கு வாயெல்லாம் பல். இந்த இரண்டு மாதத்தில் முதன்முதலாக, பரவாயில்லையே இந்த மனிதர், வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பூவை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டேன். வெண்ணெயையும் முட்டையையும் எடுத்து வெளியே வைத்தேன். ஓவனை முதலில் கொஞ்ச நேரம் வெறுமனே சூடேற்ற வேண்டும், அதனால் சுவிட்சைப் போட்டுவிட்டு முட்டை உடைக்க உட்கார்ந்தேன்.

மூன்று முட்டைதான் உடைத்திருப்பேன். நல்லெண்ணெய் வாடை வந்தது. விளக்கு கருகினால் வருமே, அந்த வாடை. திரும்பிப் பார்த்தால் ஓவனுக்குள் ஒன்றும் தெரியவில்லை, ஒரே வெள்ளைப் புகை. மேலேயும் பக்கத்திலேயும் இருக்கிற இடுக்கு வழியாகப் புகை பொத்துக்கொண்டு வருகிறது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். திறந்தது தப்பு. அதுவரைக்கும் புகையாக இருந்தது காற்றுப் பட்டதும் குப்பென்று கீழ்க்கம்பி மேல் பற்றிக்கொண்டது.

"சாத்து! சாத்துட்டி கதவ!"

இவர் பாய்ந்து வந்து முழங்கையால் கதவைத் தள்ளிச் சாத்தினார். அதே ஓட்டத்தில் சுவிட்சை அணைத்தார். நான் அதற்குள் குடத்தைத் தூக்கிவிட்டேன்.

"தண்ணி ஊத்தாத! கரண்டும் எண்ணெயும் இருக்கு, கொடத்தக் கீழ வையி!"

வைத்தேன். கதவைத் திறக்காமல் இரண்டு பேரும் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். காற்று இல்லாமல் தீ சுருங்கிச் சுருங்கி அணைந்தது. ஒரு நிமிடம் இருக்குமோ என்னவோ, எனக்கு ஒரு யுகம். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் எப்போதும் தமிழ்தான் பேசுவார். அன்றைக்குப் பதற்றத்தில், என்ன ஆயிற்று என்பது தெலுங்கில்தான் வந்தது. "ஏமைந்தி?"

"ஒண்ணும் இல்லக்கா, பூஜை!" என்றேன். வேறு என்ன சொல்ல?

சன்னல் எல்லாவற்றையும் திறந்து விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பினேன். எனக்குக் கோபம் வந்தால் வாய்தான் முதலில் கிளம்பும்.

"என்ன பண்ணுனீங்க ஓவன?"

"கம்பிக்கு எண்ணெய் போட்டேன்."

"எண்ணெயா? எதுக்கு?"

"துருப்பிடிக்கக் கூடாதுல்ல." மனிதர் உண்மையிலேயே புரியாமல் நின்றார். "துப்பாக்கியத் தொடச்சாக் குழலுக்கு எண்ணெய் போடாம வைக்க மாட்டோம். இரும்புன்னா தொடைக்கணும், காயவைக்கணும், எண்ணெய் போடணும். உன் தோசைக்கல்லுக்கு நீயே போடுறியே. வெளக்குக்கு வாங்கி வச்ச நல்லெண்ணெய்தான், சுத்தமான எண்ணெய்."

"இது என்ன துப்பாக்கியா?"

"ஆயுத பூஜைதான இன்னைக்கு?" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன், சிரித்தால் கோபம் ஓடிப்போகும், எனக்கு அப்போது கோபம் தேவைப்பட்டது. நாளைக்குப் பத்து மணிக்கு நிச்சயம், இப்போதே பதினொன்று ஆகப்போகிறது, ஓவன் முழுக்க எண்ணெய்ப் புகை! கேக் எந்த வாடையைக் கொடுத்தாலும் இழுத்து வைத்துக்கொள்ளும். நல்லெண்ணெய் மணக்கிற நிச்சயதார்த்தக் கேக்கை எந்த மாப்பிள்ளை வீட்டார் தின்பார்கள்? அந்தப் பெண் தின்பாள், எனக்காகத் தின்பாள், அதுதான் எனக்குப் பொறுக்காது.

"அம்புட்டும் தொடைக்கணும். வாங்க," என்றேன்.

"சூடு ஆறட்டும். சூட்டுல கைய விட்டா நாளைக்கு நீ கட்டோடதான் போவ."

அதுவும் சரிதான். அரை மணி நேரம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு தட்டுகளையும் கம்பிச் சட்டத்தையும் வெளியே எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். ஓவனுக்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது, எதையும் பீய்ச்சக் கூடாது. வெந்நீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு சொட்டு, அதில் துணியை முக்கி, ஒட்டப் பிழிந்து, கம்பியை ஒவ்வொன்றாக உருவி உருவித் துடைக்க வேண்டும். கம்பியின் இரண்டு முனையிலும் சுவரோடு சேருகிற இடத்தில் வெள்ளைப் பீங்கான் இருக்கும். அங்கே ஈரம் போகவே கூடாது. இதையெல்லாம் நான் சட்டம் பேசிக்கொண்டே சொன்னேன், அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஓவன் விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்கிற திமிர் அப்போது எனக்கு உச்சத்தில் இருந்தது.

"மொதல்ல பிளக்க உருவு," என்றார். "சுவிட்ச அணைச்சது பத்தாது."

அவரே போய் உருவினார். உருவியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"இதுல மூணாவது முள்ளு எங்க?"

அது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், பெருமையோடுதான் சொன்னேன். ஓவன் வாங்கியபோது பெரிய மூன்று முள் பிளக் இருந்தது. எங்கள் அடுப்படியில் மிக்ஸிக்கு உள்ள சின்னப் பாயிண்ட் மட்டும்தான். ஒரு பிளக்குக்காக எலக்ட்ரீஷியனுக்கு எத்தனை நாள் காத்திருப்பது? கட்டிங் பிளேயரை எடுத்து நானே பிளக்கை வெட்டினேன். உள்ளே மூன்று வயர். இரண்டை மட்டும் ஒரு சின்ன இரண்டு முள் பிளக்கில் மாட்டிப் பார்த்தேன், ஓவன் சூடேறியது. பச்சை வயர் ஒரு வேலையும் செய்யாமல் சும்மாதானே இருக்கிறது என்று வெட்டித் தூர எறிந்துவிட்டேன்.

"நீயே பண்ணுனியா?"

"பின்னே? ஆளு இல்லாத வீட்டுல எல்லாம் நாமதான பாக்கணும்."

அவர் வயரைத் தடவிக்கொண்டே வந்தார். பிளக் பக்கத்தில் வயரின் தோல் சூட்டில் இறுகிப்போய் வளைய மாட்டேன் என்றது. சுவரில் பாயிண்டைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் இருந்தது. அதையும் தொட்டுப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். ஓவன் மேஜைக்கு முன்னால் தரையில் ஒரு பலகை கிடந்தது, உட்கார்ந்து சாப்பிடுகிற மணைப் பலகை.

"இது எதுக்கு இங்க கெடக்கு?"

"அது நிக்கதுக்கு."

"நிக்கதுக்கு எதுக்குப் பலகை?"

"ஓவனத் தொட்டா லேசாச் சுர்ருங்கும். அடுப்படிக்குள்ள செருப்புப் போட முடியுமா? பலகை மேல நின்னாச் சுர்ருங்காது."

இதை நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். மழை பெய்தால் குடை பிடிப்பேன் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னேன். அவர் திட்டுவார் என்று பதிலுக்கு நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எம்புட்டு நாளா?"

"வாங்குனதுல இருந்தே."

அவர் எழுந்து அந்தப் பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அவர் முகத்தில் பயத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பனிச்சரிவில் ஒரு முறை புதைந்து எழுந்து வந்த மனிதர். அந்தக் கதையைக்கூட ஏதோ பஸ்ஸைத் தவற விட்ட கதை மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னவர். எனக்கு அப்போதுதான், அந்தப் பலகையைப் பார்த்து, உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது. தரை துடைத்த ஈரத்தோடு எத்தனை காலை அந்த ஓவனைத் திறந்திருப்பேன்! பலகை ஒரு சாண் நகர்ந்திருந்தால்?

"நீ வெட்டி எறிஞ்ச பச்சை வயருதான் எர்த்து, கசியுற கரண்ட மண்ணுக்குள்ள கொண்டு போறது. இந்த வீட்டுல இந்தப் பாயிண்டுல இத இனிச் சொருக விட மாட்டேன்," என்றார். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"நாளைக்கு நிச்சயம்!"

"தெரியும்."

"அந்தப் பிள்ளைக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்!"

"தெரியும். சொருக விட மாட்டேன்."

கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. எண்ணெய் போட்டுத் தீ வைத்தவர் நீங்கள், என்னைக் கேட்க வந்துவிட்டீர்களா என்பதுதான் அதில் மரியாதையானது. அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, போனை எடுத்து எலக்ட்ரீஷியன்களைக் கூப்பிட ஆரம்பித்தார். மூன்று பேரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர், டிரில்லிங் மிஷின் எல்லாம் சாமிக்கு முன்னால் பொட்டு வைத்து உட்கார்ந்திருக்கின்றன. நாளைக்குப் பூஜை எடுத்த பிறகுதான் தொடுவார்கள். ஒருவர், "பொரி சாப்பிட வாங்க சார்," என்று கூப்பிட வேறு செய்தார்.

மணி பன்னிரண்டரை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கடைசியில் கூட்டாளிக்கு நானே போன் போட்டேன். கேக் வராது, கடையில் சொல்லிவிடு என்று சொல்லத்தான் போட்டேன். அவள் குரலைக் கேட்டதும் அந்த வார்த்தை வரவில்லை. "எங்க வீட்டுல எர்த் இல்லட்டி," என்று அழுதுவிட்டேன்.

"எர்த்துக்கா அழுற?" என்றாள் அவள். "எங்க வீட்டு வாசிங் மிஷினுக்குப் பெரிய பாயிண்டு இருக்கு, எங்க வீட்டுக்காரவுகளே பாத்துப் போட்டது. ஓவனத் தூக்கிட்டு இங்க வா. கல்யாண வீட்டுல கேக்க வேற எங்கிட்டுப் போயிச் சுடுவ?"

அவ்வளவுதான்! எனக்கு மறுபடியும் உயிர் வந்தது. மாவு, சர்க்கரை, முட்டை, வெண்ணெய், தகர அச்சு, முட்டை அடிக்கிற பீட்டர் எல்லாம் பைக்குள் போனது. நான் ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்து வருவதற்குள் இவர் தனியாகவே ஓவனை உள்பக்கம் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு தடவை துடைத்து, பொட்டு வைத்த நெற்றி மட்டும் தெரிய, பழைய போர்வையில் கட்டி வாசலில் வைத்திருந்தார். பீங்கான் முனைகளில் ஈரம் படாமல் ஒரு துணியைச் சுற்றிக் காப்பாற்றியிருந்தார். சொன்னதைச் செய்கிறவர்தான், சொல்ல ஆள் வேண்டும்.

லோடு ஆட்டோவுக்கு அப்போதுதான் பூஜை முடிந்திருந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனம், சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். "பூஜைக்குப் பொறவு மொத லோடு, இனிப்பு லோடு!" என்று டிரைவருக்கு ஒரே சந்தோஷம். வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் மிச்சம் இருந்த செவ்வந்தி மாலையை ஓவன் கழுத்தில் போட்டுவிட்டார். பின்னால் ஓவனை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்தோம். வழியெல்லாம் பட்டறை வாசலில் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள், மில் கேட்டில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது, ஒரு ஒர்க் ஷாப்பில் வண்டியை நிறுத்திப் பொரிப் பொட்டலம் கொடுத்தார்கள். மாலை போட்டு, பொட்டு வைத்து, போர்வை போர்த்தி ஊர்வலம் போகிற ஓவனைப் பார்த்து ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன்! நான் சிரித்த சிரிப்பில் இவரும் சிரித்துவிட்டார். தீப்பிடித்த பிறகு முதல் சிரிப்பு அதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்போது மூன்று மணி. கூட்டாளி வீடு முழுக்க உறவுக்காரர்கள், பிரியாணி அண்டா, பந்தல் கம்பு. பின்கட்டில் வாசிங் மெஷினை நகர்த்தி ஒரு கல்மேடையைக் காலி பண்ணி வைத்திருந்தாள். இவர் முதல் வேலையாகத் துடைப்பத்தையும் துணியையும் வாங்கி அந்தத் தரையைச் சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தார். மாலையை எடுத்து வெளியே வைத்தேன், சூட்டில் பூ கருகித் தீப்பிடிக்கும். பொட்டையும் துடைக்கப் போனேன், அவர்கள் வீடாயிற்றே என்று. "அது பாட்டுக்கு இருக்கட்டும், அது ஒன்ன என்ன பண்ணுது?" என்று கையைத் தட்டிவிட்டாள் கூட்டாளி.

அவள் வீட்டுக்காரர் கடையிலிருந்து புது மூன்று முள் பிளக்கும் மீட்டரும் புது வயரும் கொண்டு வந்தார். நான் அவரை அண்ணன் என்பேன். பழைய வயரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எர்த்த வெட்டுன மகராசன் யாரு?" என்றார்.

நான் மாவுப் பையை அவிழ்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். இவர் என்னைப் பார்க்கவே இல்லை. "பழைய வீட்டு வயரிங் சரியில்லண்ணே," என்றார்.

"வயரிங் பாயிண்டுலதான இருக்கும், பிளக்குல எப்படி வரும்?"

"அது... கடையில குடுக்கும்போதே அப்படித்தான்," என்று பட்டாளத்துக்காரர் அப்பட்டமாகப் புளுகினார். புளுகிப் பழக்கமில்லாத முகம், காது வரைக்கும் சிவந்தது.

"நான்தாண்ணே வெட்டுனேன்," என்றேன். காலையில் எவ்வளவு பெருமையோடு சொன்னேனோ அவ்வளவு வெட்கத்தோடு சொன்னேன். அண்ணன் என்னையும் பார்த்தார், இவரையும் பார்த்தார், வயரைப் பூராவும் மாற்றினார். மீட்டரை வைத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். கம்பி நன்றாகத்தான் இருக்கிறது, எர்த் இல்லாததுதான் கோளாறு, இப்போது ஏதாவது கசிந்தால் இந்த டிரிப்பர் தானாக விழுந்து கரண்டை நிறுத்திவிடும் என்றார். சுவிட்சைப் போட்டார். யார் முதலில் தொடுவது என்று யோசிப்பதற்குள் இவர் புறங்கையை ஓவன் மேல் வைத்துவிட்டார். பிறகுதான் என்னை விட்டார். வெறுங்காலோடு தரையில் நின்று ஓவனைத் தொட்டேன். ஒன்றும் இல்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒன்றும் இல்லை!

ஆனால் கேக் இன்னும் மாவாகத்தான் இருந்தது. மிச்ச எண்ணெய் எரிந்து போக, ஓவனை உள்ளே ஒன்றும் வைக்காமல் முழுச் சூட்டில் ஓட விட்டோம். லேசாகப் புகை வந்தது, திறந்த பின்கட்டு என்பதால் வேப்பமரம் வழியாகப் போய்விட்டது. இவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. கல்யாணப்பெண் இரண்டு கையிலும் மருதாணியோடு வந்து மூக்கைச் சுளித்தாள். "சாச்சி, ஓவன்ல வடை சுட்டீங்களா?"

"ஒங்க சாச்சா எண்ணெய்..." என்று ஆரம்பித்தேன். இவர் முகத்தைப் பார்த்தேன். "எண்ணெய்ப் பாட்டில நான்தான் தட்டிவிட்டுட்டேன்," என்று முடித்தேன். கடன் தீர்ந்தது.

புகை நின்று, வாடை நின்று, இன்னும் பத்து நிமிடம் விட்டு, ஆறவைத்து ஒரு வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்துப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. அப்புறம்தான் மாவைக் கலக்கினேன். முதல் அச்சை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். வாடை துணியில் வராது, கேக்கில் வரும். அது எனக்குத் தெரியும். கண்ணாடி வழியாக மாவு மெல்ல மெல்ல மேலே எழும்பி வருவதை வீட்டுப் பெண்கள் பாதிப்பேர் பின்கட்டில் வந்து நின்று பார்த்தார்கள். நடுவில் ஒரு விரிசல்கூட இல்லை! பொன்னிறம்! ஒருத்தி கை தட்டினாள். நான் மட்டும் கை தட்டவில்லை.

ஆறியதும் மேலே எழும்பிய குமிழை மட்டமாகச் சீவினேன். அந்தச் சீவலில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கல்யாணப்பெண்ணைத் தேடிப் போனேன். வேறு யாரிடமும் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் கை இரண்டும் மருதாணி என்பதால் வாயைத் திறந்தாள், ஊட்டிவிட்டேன். மென்றாள். மென்றுகொண்டே புருவத்தைச் சுருக்கினாள்.

"சாச்சி, சொன்னாக் கோவிக்கக் கூடாது."

"சொல்லுட்டி."

"நல்லெண்ணெய் வாடை வருது."

விரலில் ஒட்டியிருந்த தூளை மூக்கில் வைத்து முகர்ந்தேன்.

"ஒங்க தலையில இருந்து," என்றாள் அவள். "கேக்குல ஒண்ணுமில்ல. இன்னொரு துண்டு ஊட்டுங்க."

அடி கழுதை! அவள் முதுகில் ஒரு போடு போட்டேன், கட்டிக்கொண்டு அழுதேன், அவள் மருதாணிக் கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, "சேல, சேல!" என்று கத்தினாள். கூட்டாளி ஓடி வந்தாள், அவளும் ஒரு துண்டு தின்றாள், அவளும் அழுதாள். நாளைப் பின்னே எந்தப் பிள்ளை வேறு வீட்டுக்குப் போகப்போகிறதோ அதுதான் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றது.

ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். இவர் அங்கேயே, பிளக்கை உருவிக் கையில் வைத்துக்கொண்டு ஓவன் பக்கத்தில் நின்றார். மூன்று முள்ளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார். கேக்கைக் கொடுத்தேன். வாங்கினார், தின்னவில்லை.

"ரெண்டு வருசமும் தெனம் சாயங்காலம் போன் போட்டேன்," என்றார். "எப்படி இருக்கன்னா, நல்லா இருக்கேன், கேக் சுட்டுக்கிட்டு இருக்கேன்னுவ. நானும் அதக் கேட்டுட்டு நிம்மதியாப் படுப்பேன். நீ பலகை மேல நின்னு சொல்லிருக்க."

பிளக்கை அவர் கையிலிருந்து வாங்கி ஓவன் மேல் வைத்தேன். "நீங்க மட்டும் என்னவாம்?" என்றேன். "பனியில பொதைஞ்சத லீவுல வந்துதான சொன்னீங்க, அதுவும் ஒரு வருசம் கழிச்சு."

தலையை ஆட்டினார். "இனிமே போன்ல கேட்டா நெசத்தச் சொல்லணும், ஏட்டி. எம்புட்டுச் சின்னதா இருந்தாலும்."

"இனிமே போன்ல எதுக்குக் கேக்கப் போறீங்க?" என்றேன். "இங்கனதான இருக்கப் போறீங்க."

அவர் என்னைப் பார்த்தார். "ஆமால்ல," என்றார். "இங்கனதான இருக்கப் போறேன்." அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கும் அப்போதுதான்.